ஜோதிலட்சுமியின் சனிக் கணக்கில் ஐம்பத்தெட்டு நிமிஷம்

பிறந்த நேரம் ஆறு மணி என்று யாராவது சொன்னால் ஜோதிலட்சுமி எழுத மாட்டாள். பேனாவை மேசைமேல் வைத்துவிடுவாள்.

"சரியா ஆறா? யாரு கடிகாரத்துல பாத்தாக?"

"ஆஸ்பத்திரி நர்சு சொன்னாகம்மா."

"நர்சு பிள்ளையப் பாத்துச்சா, கடிகாரத்தப் பாத்துச்சா? அஞ்சு அம்பத்தேழுன்னு சொல்லுங்க, நம்புறேன். ஆறுன்னா நம்ப மாட்டேன். ஆஸ்பத்திரியில எழுதுன சீட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க."

வந்தவர்களில் பாதிப்பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவார்கள். மீதிப்பேர் சீட்டோடு திரும்பி வருவார்கள். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில், பத்துக்குப் பத்து அறையில் அவளுடைய கம்ப்யூட்டர் ஜாதகக் கடை பத்து வருஷம் நடந்தது இந்த மீதிப்பேரை வைத்துத்தான். அவள் பலன் சொல்வதில்லை. எந்தக் கிரகம் எந்தப் பாகையில் நிற்கிறது என்று கணித்துத் தாளில் அடித்துக் கொடுப்பதோடு சரி. பலனுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவாள். பலனையும் அவள் அவ்வளவாக நம்பினாள் என்று சொல்ல முடியாது.

சுருளிப்பட்டியில் பிறந்தவள். ப்ளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க். மேலே படிக்கவைக்க வீட்டில் தோதுப்படவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு செல்வமணிக்குக் கட்டிக்கொடுத்துக் கம்பத்துக்கு அனுப்பினார்கள். செல்வமணி குமுளியிலிருந்து திண்டுக்கல் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். 1996-ல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெளியூர்க்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை திறந்தபோது, டைப் தெரிந்தவள் என்று அவளை வேலைக்கு எடுத்தார்.

நாலாவது மாதம் ஆண்டிபட்டிக் குழந்தை ஒன்றின் ஜாதகத்தில் தகராறு வந்தது. கம்ப்யூட்டர் சந்திரனை ஒரு ராசியில் வைத்தது. ஜோசியர் கருத்தக்கண்ணன் கையால் போட்ட கட்டத்தில் சந்திரன் அதற்கு முந்தின ராசியில் இருந்தது. கடைக்காரர் சிரித்தார். "கம்ப்யூட்டர் தப்புப் போடுமா? பெருசுக்குக் கண்ணு மங்கிருச்சு." கருத்தக்கண்ணன், "மிஷினுக்கு என்னய்யா தெரியும்" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். ஜோதிலட்சுமி இருவரையும் நம்பவில்லை. மதுரைக்குப் போய்ப் பழைய புத்தகக் கடையில் ஒரு கணிதக் கையேட்டை வாங்கிவந்து, பதினொரு நாள் உட்கார்ந்து தானே போட்டுப் பார்த்தாள். நடுநிசிக்கும் உதயத்துக்கும் இடையில் பிறந்த குழந்தைக்குக் கம்ப்யூட்டர் ஒரு நாளைக் கூட்டிவிடுகிறது என்று தெரிந்தது. ராசி விஷயத்தில் ஜோசியர் சொன்னதுதான் சரி. ஆனால் அவரும் ஆண்டிபட்டிக்கு மதுரையின் சூரிய உதயத்தை எடுத்திருந்தார், அதனால் லக்கினம் தப்பாகிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு மிஷின் போட்டதும் ஒன்றுதான், மனுஷன் போட்டதும் ஒன்றுதான்.

கடைக்காரர் மூன்று வருஷத்தில் திருப்பூருக்குக் கிளம்பியபோது அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டாள். வாங்கிய அன்றே அதிலிருந்த ஜாதகப் புரோகிராமை அழித்தாள்.

"ஏ ஜோதி, வாங்குன மாட்டோட காம்பை அறுத்துட்டு எப்பிடிப் பால் கறப்ப?" என்றான் செல்வமணி.

"எவன் போட்ட கணக்குன்னே தெரியல. நானே எழுதுனாத்தான் எங்கன தப்புன்னு எனக்குத் தெரியும்."

சி என்ற புரோகிராம் மொழியை ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகப் படித்தாள். இரண்டு வருஷம் பிடித்தது. அதுவரை ஜாதகங்களைக் கையாலேயே கணித்தாள். அவளுடைய கணக்கு முறை, கற்பத்தின் தொடக்க நாளிலிருந்து எண்ணும் பழைய முறை. இன்றுவரை போன நாட்கள் பன்னிரண்டு இலக்கம். அதைக் கிரகத்தின் சுற்றுகளால் பெருக்கி, பாகையாக்கி, கலையாக்கி, விகலையாக்கி, அதற்கும் கீழே தற்பரையாக்கி, தற்பரையையும் அறுபதாகப் பிரித்துத்தான் நிறுத்துவாள். அந்தக் கடைசித் துணுக்குக்குப் 'பொடி' என்று தானே ஒரு பேர் வைத்திருந்தாள். இப்படிப் போகும்போது நடுவில் முப்பது இலக்க எண்கள் வரும். கம்ப்யூட்டரின் புள்ளி வைத்த எண்ணில் போட்டால் முதல் பதினைந்து இலக்கம் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு தன் இஷ்டத்துக்கு ஏதோ எழுதிவைத்தது. மிச்சம் மீதியில்லாத முழு எண் வேண்டும் என்று தேடினாள்.

2001-ல் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் தகட்டில் அது கிடைத்தது. ஜி.எம்.பி. என்று ஒரு நூலகம்; எத்தனை இலக்கம் ஆனாலும் பெருக்கிக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பு. அதற்குள் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று அதன் சொந்தக் கட்டளைகள், நூற்றைம்பதுக்கு மேல். இன்னொன்று, அந்தக் காலத்து யூனிக்ஸ் மிஷின்களில் எழுதிய புரோகிராம்கள் ஓடட்டும் என்று விட்டுவைத்திருந்த பழைய எம்.பி. கட்டளைகள், மொத்தம் பதினேழு. புதிதாக எழுதுகிறவர்கள் பழையதைத் தொடவேண்டாம், புதியதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூட வந்த குறிப்பில் எழுதியிருந்தது.

அந்த ஒரு வரிதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்து விற்க வருகிறவன் ஒவ்வொரு வருஷமும் இதையேதான் சொல்வான்: போன வருஷத்து டப்பா ஆகாது, இதை அடிங்க. மேலும், பதினேழு பேரை வேலைக்கு வைத்தால் ஒவ்வொருவனையும் நிறுத்தி விசாரிக்கலாம். நூற்றைம்பது பேரை எப்படி விசாரிப்பது? பழைய வாசலையே எடுத்தாள். பதினேழு கட்டளைகளையும் கையால் பெருக்கி, வகுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் புரோகிராமை எழுதினாள்.

அதோடு விடவில்லை. ஜோசியர்களுக்குள் ஒன்பது கழித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைக் கழித்து, மிஞ்சுவதைப் பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். இரண்டு எண்ணைப் பெருக்கினால் மிச்சங்களைப் பெருக்கியும் அதே மிச்சம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகு. ஜோதிலட்சுமியின் புரோகிராம் ஒவ்வொரு படியையும் தாளில் அடித்து, வலது ஓரத்தில் இந்த மிச்சத்தையும் அடிக்கும். அந்தத் தாள்களை அவள் எறிந்ததே இல்லை. வருஷவாரியாகச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள்.

அந்த வருஷத்திலிருந்து உத்தமபாளையம் அமானுல்லா அச்சகத்தின் கையடக்கப் பஞ்சாங்கத்துக்குக் கணக்கு அவளுடையது. தங்கள் பேரை அட்டையில் போட்டு வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காகப் கம்பம் பள்ளத்தாக்குக் கடைக்காரர்கள் எல்லோரும் வாங்குகிற பஞ்சாங்கம். அதே உதயாஸ்தமனக் கணக்கை வைத்து நோன்புக்கு நேர அட்டையும் அடித்துக்கொள்வார் அமானுல்லா. பஞ்சாங்கத்தில் கணித்தவர் பேரைப் போடலாம் என்று ஆண்டுதோறும் கேட்பார். "இன்னும் ரெண்டு வருஷம் பாப்போம்ணே" என்பாள். எட்டு வருஷம் அப்படியே போயிற்று. 2009-ல், விரோதி வருஷப் பஞ்சாங்கத்துக்குச் சரி என்றாள்.

அந்த ஆண்டு சனிப்பெயர்ச்சி. சனி ராசி மாறுகிற நாளில் குச்சனூர்ச் சனி கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்குக் கணக்கே இல்லை. எத்தனை மணிக்கு மாறுகிறது என்பதுதான் பஞ்சாங்கத்தில் எல்லோரும் முதலில் புரட்டிப் பார்க்கும் இடம். ஜோதிலட்சுமி பிற்பகல் 3.12 என்று கணித்தாள். பெயர்ச்சிப் பலன் புத்தகம் போடும் கருத்தக்கண்ணனுக்கும் அந்த நேரத்தையே கொடுத்தாள். அவர் புத்தகத்தின் அட்டை, காக்கை வாகனத்தோடு, 3.12 என்று கொட்டை எழுத்தில், ஆயிரம் பிரதி அமானுல்லாவிடம் அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தது.

ஜனவரி கடைசியில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் புகைந்து நின்றது. பஞ்சாங்கத்தில் பதினாறு பக்கக் கணக்கு இன்னும் பாக்கி. அமானுல்லா அச்சகத்தில் புதிதாக வாங்கிப் போட்டிருந்த மிஷினில் ஓட்டலாம் என்று, தகட்டில் பிரதி எடுத்து வைத்திருந்த புரோகிராமை எடுத்துக்கொண்டு போனாள். அந்த மிஷின், பழைய எம்.பி. கட்டளைகளைக் காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது.

"எம்.பி.யக் காணோமா?" என்றார் அமானுல்லா. "நம்ம ஓட்டுப் போட்டு அனுப்புனோமே, அவுகளா? எலெக்சன் வந்தா வருவாக தங்கச்சி."

அவருடைய மகள் பெனாசிர் லீவுக்கு வந்திருந்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள். திரையைக் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இதை இன்னுமா வச்சிருக்கீங்க? பழைய வாசலை இப்ப லினக்ஸ்காரங்க கூட வச்சுத் தர்றதில்ல. ஜி.எம்.பி. இதுலயே இருக்கு. கட்டளைப் பேரை மட்டும் மாத்திக் குடுத்துர்றேன்."

"மாத்துனா கணக்கு மாறாதா?"

"எப்பிடி மாறும்? உள்ள பெருக்குறது ரெண்டுக்கும் ஒரே ஆளுதான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் பெனாசிர் தட்டினாள். ஜோதிலட்சுமி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், பாக்கிக் கணக்கை ஓட்டுவதற்கு முன், முடிந்துபோன சனிப்பெயர்ச்சியை ஓட்டச் சொன்னாள். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது அவள் பழக்கம்.

பிற்பகல் 2.14 என்று வந்தது.

"எங்கனயோ மாத்தித் தட்டிட்டே," என்றாள் ஜோதிலட்சுமி.

"ஒரு வரி கூட மாத்தலக்கா. வேணும்னா நீங்களே பாருங்க."

"பாக்கத்தான் போறேன்."

ஐம்பத்தெட்டு நிமிஷம். அமானுல்லா காலண்டரைப் பார்த்தார். "தங்கச்சி, செவ்வாக்கெழமை பிளேட் போடணும். ரெண்டுல எதைப் போட? ஆயிரம் அட்டை மூணு பன்னெண்டுன்னு கெடக்கு."

"திங்கக்கெழமை சொல்றேன்ணே. அதுவரைக்கும் எதையும் போடாதீக."

புதிய புரோகிராமையும் படிப்படியாகத் தாளில் அடிக்கவைத்துச் சுருட்டிக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறினாள். அவளுக்கு உள்ளூர நிச்சயம்: கோளாறு புதியதில்தான். யாரோ இலவசமாகக் கொடுத்தது. பெனாசிரைக்கூட நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தாள். பேரை மட்டும் மாற்றினேன் என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னதில் அவள்மேலும் சந்தேகம் விழுந்தது. இப்போது தன் பேர் அச்சாகப் போகிறது. 2.14 தப்பாக இருந்து அதைப் போட்டால் சனங்கள் ஒரு மணி நேரம் முந்தியே குச்சனூரில் குளித்துவிட்டு வீடு திரும்புவார்கள். 3.12 தப்பாக இருந்து அதைப் போட்டால்? அந்தப் பக்கம் அவள் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. பழைய தாளையும் புதிய தாளையும் வீட்டுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மரஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் நகர்த்தி, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரி. பன்னிரண்டு இலக்க நாள் எண்ணிக்கை, ஒன்றே. பெருக்கல், இருபத்தோரு இலக்கம், ஒன்றே. அதை நம்பாமல் தாளில் கையால் பெருக்கினாள், அதுவும் ஒன்றே. முப்பது இலக்கப் பொடிக் கணக்கு, கடைசி இலக்கம்வரை ஒன்றே. புதியது எங்கே சறுக்கும் என்று காத்திருந்தவளுக்கு அது சறுக்காமல் வந்துகொண்டேயிருந்தது எரிச்சலாக இருந்தது.

வண்டியிலிருந்து இறங்கி வந்த செல்வமணி, கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றான்.

"சனி ஒரு மணி நேரம் முன்னப் பின்ன வந்தா என்ன இப்ப? எங்க பஸ்ஸே அப்பிடித்தான் வருது. எவனும் கேக்கல."

"உங்க பஸ்ஸு வர்ற நேரத்த அச்சடிச்சு, அடியில உங்க பேரையும் போட்டா கேப்பாகல்ல?"

அவன் சட்டையைக் கழற்றாமலே டீக்கடைக்குத் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருநூற்று முப்பத்தோராம் வரியில் ஸ்கேல் நின்றது. அது சனியின் திருத்த எண். அவளுடைய கணிதக் கையேட்டை எழுதியவர் 1905-ல் சனியின் இடத்தைச் சரிபார்த்து, அதிலிருந்து வருஷத்துக்கு முந்நூற்றிருபது பொடி கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று எழுதியிருந்தார். நூற்று நான்கு வருஷத்துக்கு 33280. புதிய தாளில் 33280 என்றே இருந்தது. பழைய தாளில் −32256.

கூட்டவேண்டிய எண்ணைக் கழித்திருக்கிறது. அதுவும் வேறொரு எண்ணை.

முப்பது இலக்கத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவளுக்கு இந்த ஐந்து இலக்கம் ஒரு எண்ணாகவே பட்டதில்லை. பெரிய எண்களை எல்லாம் கோப்பிலிருந்து ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கவைத்திருந்தாள். இதைச் சின்ன எண்தானே என்று, சின்ன எண்ணை நேரடியாக வாங்கிக்கொள்ளும் கட்டளையிடம் கொடுத்திருந்தாள். வலது ஓரத்து மிச்சம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? −32256-ல் ஒன்பது கழித்தால் மிச்சம் பூஜ்யம். பூஜ்யம் என்றே அடித்திருந்தது. கையில் வந்த எண்ணை வைத்துக் கூட்டல் சரியா என்று பார்த்ததே தவிர, வந்த எண் சரியா என்று அது எப்படிப் பார்க்கும்?

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் உத்தமபாளையம் போய், பெனாசிர் பல் விளக்கி முடிப்பதற்குள் தாளை நீட்டினாள்.

பெனாசிர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். "இந்தப் பழைய கட்டளை முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தேழு வரைக்கும்தான் வாங்கும்கா. அதுக்கு மேல குடுத்தா அறுபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பத்தாறைக் கழிச்சிட்டு வச்சுக்கும்."

"சொல்லாமயா?"

"சொல்லாமத்தான்."

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லணும்ல? வாய மூடிக்கிட்டு வேற ஒண்ண எடுத்து வச்சா அதுக்குப் பேரென்ன?"

"அக்கா, மிஷினைத் திட்டி என்ன பண்ண? எழுதுறப்ப அளவைப் பாத்துருக்கணும்."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. பையிலிருந்து 2001-ன் நோட்டை எடுத்துப் புரட்டினாள். பதினேழு கட்டளைகளையும் விசாரித்த பக்கங்கள். நாலாவது பக்கத்தில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: '32767 வரை வாங்கும். இப்போது 30720. போதும்.'

அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

பெனாசிரும் வாசித்தாள். வருஷத்துக்கு வருஷம் வளர்கிற எண் என்று கையேட்டில் இருந்ததைப் படித்தவளும் ஜோதிலட்சுமிதான். இப்போதைக்குப் போதும் என்று எழுதியவளும் அவளேதான். ஏழாவது வருஷம், சர்வதாரி ஆண்டு பிறந்தபோது, எண் அளவைத் தாண்டியிருந்தது. அப்படியானால் போன வருஷப் பஞ்சாங்கத்திலும் சனி பதினெட்டு விகலை பின்தங்கித்தான் நின்றது. அந்த ஆண்டு ராசி மாற்றம் இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை.

"சரி. உன் புதுசு எதுவரைக்கும் வாங்கும்?" என்றாள்.

பெனாசிர் சிரித்துவிட்டாள். "எண்ணு எவ்வளவு பெருசானாலும் வச்சுக்கும்கா."

"வச்சுக்கிறதக் கேக்கல. வாங்குறதக் கேக்குறேன். நீ இங்கன குடுத்துருக்கியே, இந்தக் கட்டளை."

பெனாசிரின் சிரிப்பு நின்றது. "இந்த மிஷின்ல… இருநூத்திப் பதினாலு கோடிச் சொச்சம் வரைக்கும்."

"அதுக்கு மேல?"

"அதுவும்… மாத்தித்தான் வச்சுக்கும்."

"சொல்லாம?"

"சொல்லாம."

"பாத்தியா. அது வாசப்படியில ஏமாத்துச்சு, இது கூடத்துல ஏமாத்துது."

"உங்க திருத்தம் இருநூறு கோடியத் தாண்ட அறுபது லச்சம் வருஷம் ஆகும்கா!"

"போதும்னு நான் ஏற்கனவே ஒருக்க எழுதி வச்சிருக்கேன்."

இருவரும் புதிய குறிப்பை மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். எண்ணை எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும் கட்டளை ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக்கொள்ளும், நீளத்துக்கு அளவு இல்லை. ஜோதிலட்சுமி அதற்கு 33280 கொடுத்தாள். நூறு இலக்கம் கொடுத்தாள். பிறகு, நடுவில் ஒரு எழுத்தைச் செருகி '33அ80' என்பதுபோல இங்கிலீஷில் ஒரு குப்பையைக் கொடுத்தாள். கட்டளை எண்ணை ஏற்காமல் −1 என்று திருப்பிவிட்டது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"முடியாதுன்னு அர்த்தம்."

இன்னும் நாலு விதமான குப்பையைக் கொடுத்துப் பார்த்தாள். நாலையும் திருப்பியது. "இது ஒண்ணுதான் வாயத் தொறந்து முடியாதுங்குது," என்றாள். "எல்லா இடத்துலயும் இதையே போடு. திருப்பி விட்டுச்சுன்னா அங்கனயே நிக்கட்டும், மேல ஓட வேணாம்."

நாற்பத்து மூன்று இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது. முடித்து ஓட்டியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. 2.14. சனி அன்று நாளுக்கு ஏழரைக் கலை போகிற வேகத்தில், பதினெட்டு விகலைக்கு எவ்வளவு நேரம் என்று கையால் வகுத்தாள். ஐம்பத்தெட்டு நிமிஷம். அப்புறம்தான் அமானுல்லாவின் மேசைக்குப் போனாள்.

"ரெண்டு பதினாலுண்ணே."

அமானுல்லா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மூணு பன்னெண்டு?"

"என் தப்பு."

"சரி விடு. பஞ்சாங்கத்துல மாத்திருவோம். கருத்தக்கண்ணன் அட்டை அப்பிடியே போகட்டும். ஊருக்கு ஊரு, பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் நேரம் மாறத்தான செய்யுது? யாரு கேக்கப் போறா?"

"அவரு நேரமும் நான் குடுத்ததுதானே. ரெண்டும் ஒரே கணக்கு. அப்பறம் இன்னொண்ணு. கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி வேணும். போன சர்வதாரி வருஷத்துல சனி நிலை எல்லாத்துக்கும் பதினெட்டு விகலை கூட்டிக்கிறணும்னு."

"ஏ ஆத்தா!" அமானுல்லா எழுந்தேவிட்டார். "முடிஞ்சு போன வருசம்! ஒருத்தன் கண்டுபிடிக்கல. நாமளே காசு குடுத்து அச்சடிச்சு, இந்தா பாருங்க எங்க லட்சணம்னு காட்டணுமா? எட்டு வருசமா பேரு வேணாம்னு சொன்ன. போடுற வருசம் பாத்துத் தப்பையும் சேத்துப் போடச் சொல்ற!"

"அந்த ரெண்டு வரி இல்லாட்டிப் பேரும் வேணாம்ணே."

அமானுல்லா மகளைப் பார்த்தார். அவள் தாள்களை அடுக்குவதில் மும்முரமாக இருந்தாள். "எழுதிக் குடு," என்றார் கடைசியில். "சின்ன எழுத்துல போடுவேன்."

"படிக்கிற மாதிரி சின்ன எழுத்துல."

கருத்தக்கண்ணன் வீட்டுக்கு மறுநாள் காலையில் போனாள். அட்டையில் பழைய நேரத்தின்மேல் ஒட்ட அமானுல்லா ஆயிரம் துண்டுச் சீட்டு அடித்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் 'பிற்பகல் 2.14' மட்டும். அட்டைக் கட்டை முந்தின இரவே அங்கே அனுப்பிவைத்திருந்தார். பெரியவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவள் விரித்த நீளத் தாளை ஒரு முனையில் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டார்.

"இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. நீ மூணு பன்னெண்டுன்ன, போட்டேன். இப்ப ரெண்டு பதினாலுங்குற. நாளைக்கு வந்து மூணேகால்னு சொல்ல மாட்டியே?"

"தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கும் வந்து சொல்லுவேன்."

"இது என்ன பதிலு? ஒரு உறுதி சொல்லுவேன்னு பாத்தா!"

"உறுதி சொல்றவுகளத்தான் சாமி நான் நம்புறதில்ல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்து மைதாப் பசை காய்ச்சச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்து, நேரத்தை அவள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் எழுதினாள். எழுதியதை இரண்டு தரம் வாசித்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள். அவர் அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பெயர்ச்சியன்னைக்கு நீ குச்சனூரு வருவியா?"

"வருவேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணரையிலருந்து நாலு வரைக்கும் அங்கனதான் நிப்பேன்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அட்டைக் கட்டைப் பிரித்துப் பாதியை அவள் பக்கம் தள்ளினார். பசை வந்தது. காக்கையின் காலுக்குக் கீழே இருந்த 3.12-ன்மேல் முதல் சீட்டை ஜோதிலட்சுமி ஒட்டினாள். கோணலாக இல்லையே என்று தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.